பள்ளிக்கூடத்து எடைச் சீட்டு

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வருகிற வழியில், லைன் வீட்டு வாசலில் ஒரு சண்டையைப் பார்த்தேன். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன். பஞ்சப்படியும் அதற்குள் வந்துவிடும்.

நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடத்துக்கு டாக்டரும் நர்ஸும் வந்து, எல்லாப் பிள்ளைகளையும் எடை போட்டு, உயரம் அளந்து, சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் குழந்தையின் சீட்டில் "எடை குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வரவும்" என்று இருக்கிறது. தகப்பனார் அதை வாங்கிப் படித்தார். படித்ததும் மனைவியின் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குச் சோறு போடக்கூடத் துப்பில்லையா?" என்று கத்தினார். அந்தச் சகோதரி என்னிடம், "ஏனுங்க தோழர், நான் என்னங்க பட்டினியா போடறேன்? விடியறதுக்கு முன்னால சோறாக்கி வெச்சிட்டுத்தானுங்க ஷிப்டுக்குப் போறேன்" என்று அழுதார்.

பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். ஒரு வீட்டில் சீட்டு அடுப்புக்குப் போய்விட்டது. இன்னொரு வீட்டுப் பாட்டி, எடை போட்டால் கண்ணேறு படும் என்று பேரனை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பவில்லை. சாலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பையனுக்கு வேறு மாதிரிச் சீட்டு, எடை அதிகம் என்று. "கொழுகொழுன்னு இருக்கற பிள்ளையப் பார்த்து வயிறெரியறாங்க" என்று அந்தத் தாய்க்குக் கோபம். தாயும் தகப்பனும் மாறி மாறி ஷிப்டுக்குப் போகிற வீடு. பையன் கையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பத்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் என்ன கிடைக்கும்? பாக்கெட் வறுவல் கிடைக்கும். சிரிக்காதீர்கள், தோழர்களே. இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை எடை போட்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறார்கள். அங்கேயும் இப்படிக் கடிதம் வந்தால் பெற்றோர்கள் கொதிக்கிறார்கள்.

ஏன் இந்தக் கோபம்? மில்லில் மெமோ வாங்கி வாங்கிப் பழகியவர்கள் நாம். அச்சடித்த தாள் ஒன்று கைக்கு வந்தால், நம் மேல் ஏதோ குற்றம் சுமத்தியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அந்தத் தாய் இந்தச் சீட்டையும் மெமோ என்று எடுத்துக்கொண்டார். தகப்பனார் விசாரணை அதிகாரியாகவே ஆகிவிட்டார்! வீட்டுக்கு வெளியே முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியை வீட்டுக்குள்ளே மனைவியிடம் கேட்கிற வழக்கம் நம் சங்கத் தோழர்களிடமும் இருக்கிறது. கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கோபத்தில் நியாயமும் உண்டு. ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் எடையை உரக்க வாசித்தார்களாம். அன்று முதல் ஒரு பெண்ணுக்கு "ஈர்க்குச்சி" என்று பெயர். இதைப் பெற்றோர்கள் கண்டித்தது சரி. எடை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

ஆனால் எடை போடுவதே வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பு நானும், "சோறு போடாமல் தராசு எதற்கு?" என்று மேடையில் கேட்டுக் கைதட்டு வாங்கியவன்தான். அது தப்பு என்று பிராட்போர்டு நகரத்தின் கதையைப் படித்த பிறகு தெரிந்தது.

பிராட்போர்டு இங்கிலாந்தில் கம்பளி மில்கள் நிறைந்த ஊர். பிள்ளைகள் பாதி நாள் மில்லிலும் பாதி நாள் பள்ளியிலும் இருந்த காலம் அது. அங்கே எட்டு வயதில் மில்லுக்குப் போன பிரெட் ஜோவெட் என்ற தொழிலாளி 1906ல் பார்லிமெண்ட் உறுப்பினரானார். அதே 1906ல் பள்ளியில் உணவு கொடுக்கலாம் என்றும், 1907ல் வைத்தியப் பரிசோதனை நடத்த வேண்டும் என்றும் சட்டங்கள் வந்தன. ஆளும் வர்க்கத்துக்கு இரக்கம் பிறந்துவிடவில்லை. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது, வந்த ஏழை வாலிபர்களில் ஏராளமானவர்கள் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். துப்பாக்கி தூக்க ஆள் இல்லையே என்ற பயம்! அந்தப் பயத்தைத் தொழிலாளர் இயக்கம் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது.

1907ல் பிராட்போர்டில் டாக்டர் ரால்ப் கிரவுலி என்பவர் ஒரு காரியம் செய்தார். மிக வறிய பிள்ளைகள் சுமார் 40 பேருக்குக் காலையும் மதியமும் நல்ல உணவு கொடுத்து, தொடர்ந்து எடை போட்டார்கள். எடை ஏறியது. நடுவில் பண்டிகை விடுமுறை வந்தது. பள்ளி இல்லை, உணவும் இல்லை. எடை இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது.

தாய்மார்களே, யோசித்துப் பாருங்கள். அந்தப் பிராட்போர்டுத் தாய்மார்கள் விடுமுறை நாட்களில் மட்டும் பொறுப்பில்லாதவர்களாக மாறிவிட்டார்களா? அதே தாய், அதே வீடு, அதே அடுப்பு. சாப்பாடுதான் இல்லை. தாய்க்குப் பொறுப்பில்லை, சோம்பேறி என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாயை அந்தக் கணக்கு அடைத்தது. விடுமுறையிலும் உணவு கொடுக்கலாம் என்று 1914ல் சட்டம் வந்தது.

நம் ஊருக்கு வருவோம். 1956ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022ல் காலை உணவு தொடங்கியது. யார் கொண்டு வந்தாலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்குப் போனது. நல்லது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசியும் இலவசமாயிற்று. ஆகவே அந்தச் சகோதரி பட்டினி போடவில்லை என்று சொன்னது முழு உண்மை. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடம்பு ஏறுவது வேறு. சம்பளம் வாங்கிய வாரம் முட்டை, பருப்பு. மாதக் கடைசியில் சோறும் ரசமும். இதைத்தான் தராசு காட்டுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் எடை குறைந்தவர்கள். நூற்றுக்கு 22 தாய்மாருக்கும் சமைக்கத் தெரியாதா? விலைவாசி ஏறுகிற அளவுக்குப் பஞ்சப்படி ஏறவில்லை என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சைப் பக்கம் சில காலம் சங்க வேலை பார்த்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்தால், மேட்டூரில் தண்ணீர் திறக்கிற ஜூன் வரை வயலில் வேலை இருக்காது. கையில் காசு இல்லாத அதே சித்திரை வைகாசியில்தான் பள்ளிக்கூடமும் மூடிக்கிடக்கும். கூலியும் நிற்கிறது, சத்துணவும் நிற்கிறது! வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. வறட்சி என்று சர்க்கார் அறிவித்தால்தான் பசிக்குமா? வேலை இல்லாத மாதம் எல்லாமே கூலிக்காரனுக்கு வறட்சி மாதந்தான்.

"எங்க வம்சமே ஒல்லிங்க" என்று ஒரு தோழர் முன்வரிசையிலிருந்து சொல்கிறார். இருக்கலாம். அதற்காகத்தான் உயரத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். ஆனால் வம்சம் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடாதீர்கள். வயிற்றில் பூச்சி இருந்தாலும் எடை ஏறாது. அதற்குப் பள்ளியிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தசோகை இருக்கலாம். காசநோய் இருந்தாலும் பிள்ளை மெலியும். ஆகவே சீட்டு வந்த பிள்ளையை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அரை நாள் கூலி போகும், தெரியும். எப்படியாவது போய்த்தான் ஆக வேண்டும்.

பிறகு சங்கத்தின் வேலை. ஒரு முறை எடை போட்டால் அதிகம் தெரியாது. ஏப்ரலில் பள்ளி மூடுமுன் ஒரு முறை, ஜூனில் திறந்ததும் ஒரு முறை, அதே தராசில், செருப்பில்லாமல் எடை போட வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்போம். இரண்டு கணக்கையும் பிள்ளைகளின் பேர் இல்லாமல் எழுதி, கோடையிலும் சத்துணவு வேண்டும் என்ற மனுவோடு கலெக்டரிடம் கொடுப்போம். மில் நிர்வாகத்தோடு பஞ்சப்படி பேசுகிற அன்றும் அந்தத் தாளை மேஜைமேல் வைப்போம்.

வருகிற சனிக்கிழமை காலை ஆசிரியரைப் பார்க்கப் போகிறோம். இரவு ஷிப்டு முடிந்த தோழர்கள் தூங்காமல் வர வேண்டும். தாய்மார்களை மட்டும் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டை வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அடுப்பில் போட்டவர்கள் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் என்னிடம் சொன்னால் போதும், வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.