உயிரின் விருப்புரிமை



களவு செய்தான் ஒருவன் அவையில் நின்று, “கைதான் எடுத்தது, யான் எடுக்கவில்லை” என்பானாயின், கேட்போர் நகைப்பர். ஆயின், அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் லிபெட் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அந்நகைப்பைச் சற்றே அடக்கிற்று. விரும்பியபோது கையை அசைக்குமாறு சிலரிடம் கூறி, அவ்விருப்பம் தோன்றிய கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளி நின்ற இடத்தைக் கொண்டு அவர் சொல்லச் செய்தார். விருப்பம், அசைவுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி முன்னர்த் தோன்றிற்று. மூளையின் மின்னலையோ 0.55 விநாடி முன்னரே எழத் தொடங்கிவிட்டது. விருப்பத்துக்கு முன்னரே செயல் தொடங்குமாயின், வினை யாரைச் சாரும்? லிபெட் தாமும் அந்த எல்லைவரை செல்லவில்லை. எழுந்த செயலை இறுதியில் தடுக்கும் ஆற்றல் உண்டென்றே கொண்டார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. காரணம் ஏதுமின்றிக் கையசைத்தவன் எதனை விடுத்து எதனைக் கொண்டான்? 2019இல் யூரி மாவோஸ் முதலியோர் வேறொரு சோதனை செய்தனர். இரண்டு தொண்டு நிறுவனங்களுள் ஒன்றைத் தெரிந்தால், அதற்கு 1,000 டாலர் கிட்டக்கூடும், மற்றதற்கு ஒன்றுமில்லை. சிலபோது, எதனைத் தெரியினும் இரண்டுக்கும் சமமாகவே கிட்டும் என்று கூறப்பெற்றது. பயன் வேறுபடாத தெரிவில் அந்த அலை எழுந்தது; பயன் வேறுபடுமென்று ஆராய்ந்து துணிந்தவிடத்துக் காணப்பெறவில்லை, அன்றி மிக மங்கியிருந்தது. சிறிய சோதனையே, எனினும் புறக்கணிக்கத்தக்கது அன்று.

சைவ சித்தாந்தம் உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று ஆற்றல்களைக் கூறும். அறிவு கலவாமல் இச்சை செயலாவது, அரிப்பெடுத்தவிடத்தைச் சொறிவது போன்றது. கண்ணுக்குக் காணும் இயல்பு உண்டு. எனினும் இருளிற் காணாது. விளக்கு வந்தபின் காண்பது கண்ணேயன்றி விளக்கன்று. அவ்வாறே, காரணங்களை அறிந்து அவற்றின்வழித் துணிவதனால் உயிரின் உரிமை அழிவதில்லை. அப்போதுதான் அது தொழிற்படுகின்றது. காரணமற்ற செயலே உரிமைச் செயல் என்பார், கண்ணை மூடிக்கொண்டு நடப்பவனையே வழியறிந்தவன் என்பார் போல்வர். பிள்ளைகளும் பித்துற்றோரும் செய்த பிழையை நாடெங்கும் வேறாக எண்ணுவதும் இதுபற்றியே.

அந்தக் கள்வனோ காவலன் உறங்கும் வேளை பார்த்திருந்தான். பெட்டிக்கு ஏற்ற சாவியைப் பல நாள் தேடினான். அகப்பட்டால் சொல்லவேண்டிய பொய்யையும் முன்னரே ஆய்ந்து வைத்திருந்தான். அரை விநாடி அலையைச் சான்று காட்ட அவனுக்கு இடமில்லை.