எலிப் பல்லுக்கு ஒரு பெயர்

(பெங்களூரில் கற்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



அரிசி மூட்டையை எலி கடிக்கிறது. துணியையும் கடிக்கிறது. ஏன் ஓயாமல் கொறிக்கிறது? எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். மேலே இரண்டு, கீழே இரண்டு. கொறித்தால்தான் அவை தேயும். அணிலுக்கும் முள்ளம்பன்றிக்கும் இதே அமைப்புத்தான். ஆகவே மூன்றும் கொறிக்கும் விலங்குகள்.

மூஞ்சூறு? பார்வைக்கு எலி போல இருக்கும். ஆனால் அதன் பற்கள் வேறு. அவை பூச்சிகளைக் கடித்துத் தின்பதற்கு ஏற்ற கூரிய பற்கள். அது எலி இனம் அல்ல. உருவம் ஏமாற்றும். பல் உண்மையைச் சொல்லும்.

அழிந்துபோன எலிகளையும் பல்லை வைத்தே அறிகிறார்கள். உடல் மக்கிவிடும். பல் கெட்டியானது. மண்ணில் புதைந்து, கல் போல் ஆகி நிலைத்திருக்கும். இதற்குப் புதைபடிவம் என்று பெயர்.

நம் லால்பாக் பாறையில் எலிப் பல் கிடைக்குமா? கிடைக்காது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அன்று விலங்குகளே தோன்றவில்லை. பிற்காலத்தில் வண்டல் படிந்து உண்டான பாறைகளில்தான் தேட வேண்டும். ஜம்முப் பகுதியில் உள்ள காலாகோட் அப்படிப்பட்ட இடம். அங்குள்ள எலிப் பற்கள் 4 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை.

அந்தப் பற்கள் கடுகளவே இருக்கும். பாறைத் துண்டுகளை நீரில் ஊறவைத்துக் கரைப்பார்கள். சல்லடையில் சலிப்பார்கள். அரிசியில் கல் பொறுக்குவது போலப் பல்லைப் பொறுக்குவார்கள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை உருப்பெருக்கியில் பார்த்து, மற்றப் பற்களோடு ஒப்பிடுவார்கள்.

அசோக் சாஹ்னி, கரே என்ற இரு அறிஞர்கள் 1973-இல் காலாகோட் எலி ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். 'பிர்பாலோமிஸ் உட்டி' என்பது அந்தப் பெயர். பிர்பால் சாஹ்னி புகழ்பெற்ற இந்திய அறிஞர். தாவரப் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். 'மிஸ்' என்றால் கிரேக்க மொழியில் எலி. ஆல்பர்ட் உட் என்ற அமெரிக்கர் எலிப் புதைபடிவங்களை ஆராய்ந்தவர். அவரைச் சிறப்பிக்கவே 'உட்டி'.

1978-இல் பாகிஸ்தானில் கிடைத்த ஓர் எலிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சப்பாத்திமிஸ்'! ஆம், நாம் உண்ணும் சப்பாத்திதான். பிர்பாலோமிஸையும் இந்தச் சப்பாத்தி எலியின் குடும்பத்திலேயே சேர்த்தார்கள். இன்று நடுவில் நாட்டு எல்லை இருக்கிறது. அன்று எலிக்கு ஏது எல்லை?

பெயரை விளையாட்டாக வைக்க முடியாது. பல் எங்கே கிடைத்தது, மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி வெளியிட வேண்டும். யாரும் சரிபார்க்கும்படி அந்தப் பல்லைப் பாதுகாக்க வேண்டும். ஒரே விலங்குக்கு இருவர் பெயர் வைத்தால், பொதுவாக முந்தி வெளியான பெயரே நிற்கும்.

இதனால் என்ன பயன்? ஒரு காலத்தில் இந்தியா கடல் சூழ்ந்த தனி நிலமாக இருந்தது. பிறகு ஆசியாவோடு மோதி இணைந்தது. காலாகோட் எலிகளின் உறவினங்கள் ஆசியாவின் பிற பகுதிகளிலும் கிடைத்துள்ளன. நிலங்கள் இணைந்த கதைக்கு இந்தக் கடுகளவு பல்லும் ஒரு சாட்சி.

கிடைத்த இடத்தை எழுதி வைக்காவிட்டால் அந்தச் சாட்சி ஊமையாகிவிடும்.

ஆகவே, கிணறு வெட்டும்போதோ கல் உடைக்கும்போதோ எலும்பு போன்ற கல் கிடைத்தால் உடைக்காதீர்கள். இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். பக்கத்துக் கல்லூரிக்குத் தெரிவியுங்கள். எழுதக் கற்ற கைக்கு இதுவும் ஒரு வேலை.