பழைய வீட்டில் புதிய கணப்பு

சிம்லாவுக்கோ முசூரிக்கோ உத்தியோக நிமித்தமாகச் செல்லும் தமிழர், ஆங்கிலேயர் காலத்துப் பழைய வீடொன்றில் குடிபுகும்போது, கூடத்துச் சுவரில் பெரியதொரு மாடத்தைக் காண்பார். கல்லால் கட்டி, மேலே மரப்பலகை பதித்து, சுவருக்குள்ளாகவே புகைபோக்கி கூரைவரை செல்லுமாறு அமைத்த கணப்பு அது. நம் ஊர் வீட்டில் அடுப்புக்குரிய இடம் சமையலறை; கூடத்துக்குரியது ஊஞ்சல். ஆகையால் அந்த மாடத்தில் ஒரு பூச்சாடியை வைத்துவிட்டு, ஐப்பசி முடியும்வரை அவர் நிம்மதியாக இருப்பார். மார்கழியில் தோசைமாவு மூன்று நாளாகியும் புளிக்காத நிலை வரும்போது பூச்சாடி இடம் மாறும். விறகுக்காரனைத் தேடத் தொடங்குவார்.

திறந்த கணப்பில் எரியும் நெருப்பு பார்வைக்கு மிக அழகியது. பயனோ மிகச் சொற்பம். விறகிலுள்ள வெப்பத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் அறைக்குக் கிடைக்கிறது. எஞ்சியது புகையோடு வானத்துக்குப் போய்விடுகிறது. அதுமட்டுமன்று; கொழுந்துவிட்டெரியும் நெருப்பு, தான் எரிவதற்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு காற்றை அறையிலிருந்து இழுத்து மேலே அனுப்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கின் வழியாகவும் சன்னலிடுக்கின் வழியாகவும் வெளிக்குளிர் உள்ளே வருகிறது. முகம் வேக, முதுகு விறைக்க உட்கார்ந்திருப்பதுதான் இதன் பலன்.

இந்தக் குறை நெடுநாளாகத் தெரிந்த குறையே. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கணப்புக்குள் வைக்கத்தக்க இரும்படுப்பு ஒன்றை வகுத்து, 1744-ஆம் ஆண்டில் அதை விளக்கிச் சிறு நூலொன்றும் வெளியிட்டார். இன்று கடைகளில் விற்கும் அடுப்பு அதைவிடப் பெரிதும் திருந்தியது. கண்ணாடிக் கதவும், காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடியும், உட்புறம் நெருப்புச் செங்கல்லும் கொண்ட இரும்புப் பெட்டி அது. கதவை மூடி எரிப்பதால், விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 60 அல்லது 70 பங்கு அறைக்குள் தங்குகிறது. மலைநாட்டார் அறை நடுவே வைத்து எரிக்கும் புகாரிக்கு இதை ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அது அறையில் இடத்தை அடைக்கும். இது கணப்பு மாடத்துக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு நல்ல பொருளை வாங்கி மாடத்துக்குள் தள்ளிவிட்டால் போதும் என்றுதான் நானும் எண்ணினேன். சிம்லாவில் நான் குடியிருந்த வீடு நூறாண்டுக்கு மேற்பட்டது. அடுப்பை விற்றவர் அனுப்பிய ஆள், இரண்டடி நீளக் குழாயொன்றை அடுப்பின் தலையில் பொருத்தி, அதன் நுனியைப் பழைய புகைபோக்கிக்குள் நுழைத்து, சுற்றிலும் தகரத்தை அடைத்துச் சிமெண்டு பூசிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் கூலி பெற்றுச் சென்றார். முதற் பத்து நாள்கள் வீடு சுவர்க்கமாக இருந்தது. பிறகு அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி கண்டது. குழந்தை ஒருநாள் வாந்தியெடுத்தது. உயரமான இடத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன் நான். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அம்மா. பகலில் வெளியே உலாவினால் தலைவலி நின்றுவிடும் என்பதை நாங்கள் இருவரும் கவனித்தோம்; கவனித்தும் அதன் பொருளை உணரவில்லை.

அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர் தேநீர் அருந்த வந்தவர், மாடியறைச் சுவரில் காபிக்கறை போலப் படர்ந்திருந்த ஒரு கறையைப் பார்த்தார். உடனே கீழிறங்கி அடுப்பை அணைக்கச் சொன்னார். மறுநாள் கொத்தனார் வந்து சுவரில் நான்கு செங்கற்களைப் பெயர்த்தார். புகைபோக்கியின் உட்புறம் விரற்கடைப் பருமனுக்குத் தார்போன்ற கரிக்கீல் படிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், மாடித்தளத்தைத் தாங்கும் தேவதாரு உத்தரத்தின் முனை கருகியிருந்தது.

இரண்டு கேடுகளுக்கும் காரணம் ஒன்றே. பழைய புகைபோக்கி பெருநெருப்புக்காகக் கட்டப்பட்டது. 9 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் அதன் குறுக்குப் பரப்பு 81 சதுர அங்குலம். சிற்றடுப்புக்கு வேண்டிய 6 அங்குலக் குழாயின் பரப்போ 28 சதுர அங்குலந்தான். அடுப்பின் கதவை மூடி, இரவு முழுவதும் கனன்றுகொண்டிருக்கும்படி காற்றைக் குறைத்துவிட்டால், சிறிதளவு புகை அந்த அகன்ற குளிர்ந்த கூண்டுக்குள் மெல்ல ஊர்ந்து செல்லும். செல்லும் வழியிலேயே குளிரும். குளிர்ந்த புகை கீலாகப் படியும். என்றேனும் ஒருநாள் கொழுந்துவிட்ட நெருப்பு எட்டினால் அந்தக் கீல் பற்றிக்கொள்ளும். அப்போது புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரி சென்டிகிரேடுவரை எழக்கூடும். பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடுக்குகளின் வழியே அது மரத்தைத் தொட்டால் வீடு மிஞ்சாது. மலைநாட்டுப் பழைய வீடுகளிலோ மரம் இல்லாத சுவரே அரிது. மரச்சட்டம் கோத்து, இடையே கல்லும் மண்ணும் நிரப்பும் தஜ்ஜிக் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்குப் பேர்பெற்றது, தீயைத் தாங்குவதற்கன்று.

மற்றது குளிர்ந்த புகையின் இன்னொரு குணம். வெப்பமான புகை எடை குறைந்தது. ஆகவே மேலே எழும்பித் தன் பின்னால் காற்றை இழுக்கிறது. குளிர்ந்துவிட்டால் அந்த இழுப்பு நின்றுவிடும். சிம்லா ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். ஆகையால் இயல்பாகவே அங்கு இழுப்புக் குறைவு. நள்ளிரவுக்கு மேல் இழுப்புத் தளர்ந்து புகை அறைக்குள் திரும்பும்போது, அதனோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள செம்பொருளோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் சேர்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். குளிர்காலந்தோறும் வடநாட்டில், மூடிய அறைக்குள் கரி அங்கீட்டியை வைத்துத் தூங்கியவர்கள் எழவில்லை என்ற செய்தி வருவது இதனாலேயே. எங்கள் வீட்டில் அம்மா தலைவலியோடு தப்பினார் என்பதை இன்றும் முழு மனத்தோடு சொல்லமுடிகிறதில்லை.

மறுபடியும் அடுப்பைப் பொருத்தியபோது வேலை அடுப்பில் தொடங்கவில்லை, கூரையில் தொடங்கியது. முதலில் புகைபோக்கியைத் தூரிகையிட்டுக் கீல் முழுவதையும் சுரண்டினார்கள். பிறகு அடியில் ஈரவைக்கோலைக் கொளுத்தி, உச்சியைச் சாக்கினால் சிறிதுநேரம் மூடி, ஒவ்வோர் அறையாகச் சென்று எங்கே புகை கசிகிறது என்று பார்த்தார்கள். (மாடியில் துணி அலமாரிக்குப் பின்னாலிருந்து புகை வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.) அந்த இடுக்குகளை அடைத்து, கருகிய உத்தர முனையை வெட்டி நீக்கி, அந்தப் பாரத்தைப் புகைபோக்கியை விட்டு விலகிய இரும்புத் தாங்கலுக்கு மாற்றினார்கள். அதன்பின் வளையக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக் குழாயை, 6 அங்குல விட்டத்தில், உச்சியிலிருந்து அடுப்புவரை ஒரே நீளமாக இறக்கினார்கள். குழாய்க்கும் பழைய சுவருக்கும் நடுவே வெப்பம் கடத்தாத வெர்மிகுலைட்டுத் துகளைக் கொட்டினார்கள். செலவில் பெரும்பகுதி இந்தக் குழாய்க்கே ஆயிற்று; அடுப்பின் விலையை எட்டிவிட்டது. இதில் சிக்கனம் பார்க்குமாறு யாரேனும் யோசனை சொன்னால் கேட்கவேண்டா. துத்தநாக முலாம் பூசிய தகரக் குழாய் மலிவானதுதான். கடுஞ்சூட்டில் அது நச்சாவியை வெளியிடும், விரைவில் அரித்தும் போகும். கதவைச் சுற்றியுள்ள பழைய வெண்ணிறக் கயிறு கல்நாராக இருக்கக்கூடும். அதை நாமே பிய்த்தெடுக்காமல், தெரிந்தவரைக் கொண்டு நீக்கி, கண்ணாடி நார்க் கயிறு போடவேண்டும்.

குழாயின் தலை கூரையைவிட 3 அடியேனும் உயர்ந்திருக்கவேண்டும். 10 அடிக்குள் வேறு கூரைமுகடு இருந்தால் அதைவிட 2 அடி உயரவேண்டும். இல்லையேல் மலைக்காற்று புகையைத் திருப்பி அடிக்கும். அடுப்பின் முன்னால் ஒன்றரையடி அகலத்துக்குக் கற்பலகை பதிப்பது, தெறிக்கும் பொறி மரத்தரையில் விழாமலிருக்க. இவை எவரும் செய்யக்கூடியவை. வாடகை வீடாயின் சுவரைத் தொடுமுன் உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவைப் பெறுவது நலம்.

நம்மவர் குளிருக்கு அஞ்சி முதலில் செய்வது, சன்னலிடுக்கெல்லாம் செய்தித்தாளைத் திணிப்பது. அடுப்பு எரியும் அறையில் அதைச் செய்யலாகாது. நெருப்புக்கு மூச்சு வேண்டும். எங்கள் கூடத்தில் அடுப்புக்கருகே தரைமட்டத்தில் ஒரு சிறு காற்றுத்துளை வைத்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடு எழுந்தால் ஒலியெழுப்பும் மின்கலக் கருவிகள் இப்போது விற்பனைக்குக் கிடைக்கின்றன. கூடத்தில் ஒன்றும், அம்மா படுக்கும் அறையில் ஒன்றும் மாட்டியாயிற்று. கருவி இருக்கிறதென்று தலைவலியை அசட்டை செய்வதுமில்லை.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை நீர்தான். அதை எரித்தால் நெருப்பின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். கீலும் மிகுதியாகப் படியும். பான் எனப்படும் மலைக் கருவாலி நன்கு உலர ஓராண்டுக்கு மேலாகும். உலர்ந்த இரு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை பொத்தென்று ஒலிக்கும். சீர்ப்பைன் பிசின் நிறைந்தது. பற்றவைக்க இரண்டு சுள்ளி போதும், இரவு முழுவதும் எரிக்க அது வேண்டா. படுக்கப்போகுமுன் காற்றை முழுதும் அடைத்துக் கட்டையைக் கனலவிடும் வழக்கத்தையும் விட்டொழித்தோம். சிறு நெருப்பைப் பிரகாசமாக எரித்து முடித்துவிடுகிறோம். செங்கல்லும் இரும்பும் உண்ட சூடு பின்னிரவுவரை போதுமாயிருக்கிறது. மாவுப் பாத்திரத்தை நான்கடி தள்ளி வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடுகிறது.

புது அடுப்பில் முதல் மூன்று நாள்கள் சிறு நெருப்பே இடவேண்டும். வண்ணப்பூச்சு இறுகும்போது வாடை வரும்; அப்போது சன்னல்களைத் திறந்து வைத்திருக்கவேண்டும். புகைபோக்கியை ஆண்டுக்கொருமுறை தூரிகையிட ஆளுக்குச் சொல்லிவைப்பது புரட்டாசியிலேயே நடக்கவேண்டிய காரியம். முதற்பனி விழுந்த பின் கூரைமேல் ஏற எவரும் ஒப்பமாட்டார்.