போன் ஒண்ணுதான், ஸ்கிரீன் மூணு

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தாங்க: “சின்ன போன், பெரிய போன், டேப்லெட்னு மூணு சைஸுக்கு டிசைன் பண்ணா போதுமா?” பதிலுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு.

நிறைய ஆண்ட்ராய்டு போன்ல திரை அகலம் 1080 பிக்சல். ஆனா லேஅவுட்ல நாம பிக்சல்ல எழுதுறதில்ல, டிபில எழுதுறோம். ஒரு அங்குலத்துக்கு 160 பிக்சல் இருக்கிற திரையில ஒரு டிபின்னா ஒரு பிக்சல். இதுதான் அடிப்படை. அடர்த்தி 420 இருக்கிற போன்ல 1080 பிக்சல்ங்கிறது சுமார் 411 டிபி. இப்போ செட்டிங்ஸ்ல ‘டிஸ்பிளே சைஸ்’னு ஒரு ஸ்லைடர் இருக்கும் பாருங்க, அதை நகர்த்தினா இந்த அடர்த்தி எண் மாறும். 480 ஆச்சுன்னா அகலம் 360 டிபி. 540 ஆச்சுன்னா வெறும் 320. கண்ணாடி அதேதான், ஆனா உங்க ஆப்புக்கு அஞ்சுல ஒரு பங்குக்கு மேல இடம் போயிடுச்சு.

அதனால ‘எந்த போன்’னு கேட்கிறதை விட்டுட்டு, ‘இப்போ எனக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்காங்க’ன்னு ஆப் கேட்கணும். 2016ல ஆண்ட்ராய்டு 7 வந்தப்பவே திரையை ரெண்டா பிரிச்சு ரெண்டு ஆப் ஓட்டலாம்னு ஆயிடுச்சு. கூகுள் சொல்ற விண்டோ சைஸ் கிளாஸும் இதைத்தான் அளக்குது: 600 டிபிக்குக் கீழ காம்பேக்ட், 840 வரை மீடியம், அதுக்கு மேல எக்ஸ்பேண்டட். இதுல ஒரு கண்ணி இருக்கு. சாதாரண போனையே படுக்க வச்சீங்கன்னா அகலம் 840ஐத் தாண்டிடலாம். டேப்லெட்தான்னு நினைச்சு ரெண்டு பேனல் போட்டுடுவீங்க. உயரமோ 411தான், கீபோர்டு வந்தா பாதிக்கு மேல அதுவே எடுத்துக்கும். உயரத்தையும் பாருங்க.

சரி, இதெல்லாம் டாக்குமெண்டேஷன்ல இருக்கு. நான் முக்கியமா பேச வந்தது எழுத்தோட அளவைப் பத்தி.

ஆண்ட்ராய்டு 14ல எழுத்தை 200 சதவீதம் வரை பெருசாக்கலாம். எங்க அம்மா போன்ல அது கடைசிப் புள்ளியிலதான் நிக்குது. ஒரு நாள் ஏதோ பில் கட்ட உட்கார்ந்தாங்க. ஓடிபி போடுற பக்கம். எழுத்து பெருசு, கீழே கீபோர்டு, பட்டன் அதுக்குப் பின்னாடி எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. பக்கம் ஸ்க்ரோலும் ஆகல. ஓடிபியோட நேரம் முடிஞ்சது. மறுபடி, மறுபடி. மூணாவது தடவை போனை என்கிட்ட நீட்டிட்டு, “எனக்கு இதெல்லாம் வராதுப்பா”ன்னாங்க. ஆப் மேல ஒரு வார்த்தை சொல்லல, தன்னையே சொல்லிக்கிட்டாங்க. அந்த டீமுக்கு இப்படி ஒரு பக் ரிப்போர்ட் எந்தக் காலத்துலயும் போகாது.

இதுக்கு நம்ம ஊர் டீம்கள்ல ஒரு குறுக்கு வழி உண்டு: ஃப்ளட்டர்லயோ ரியாக்ட் நேட்டிவ்லயோ எழுத்து அளவை ஒண்ணுலயே பூட்டிடுவாங்க. ஒரே வரி கோடு. டிசைன் ஃபிக்மால இருக்கிற மாதிரியே அழகா நிக்கும். என் கணக்குப்படி அது தீர்வே இல்ல. பெருசா தெரியணும்னு ஒருத்தர் தேடிப் போய் வச்ச செட்டிங்கை, நீங்க அவங்களைக் கேட்காம அழிக்கிறீங்க.

தமிழ் வந்தா இன்னும் வேடிக்கை. இங்கிலீஷ்ல ‘பே’ன்னு மூணு எழுத்துல முடிஞ்ச பட்டன் ‘பணம் செலுத்தவும்’னு நீளும். பட்டனுக்கு 40 டிபி உயரம்னு கோடுல அடிச்சு வச்சிருந்தா ரெண்டாவது வரி காணாமப் போயிடும். வரி உயரத்தை இறுக்கமா வச்சிருந்தா புள்ளியும் மேல்கொம்பும் வெட்டுப்படும். புள்ளி போன தமிழை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, புரியும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்ல. உயரத்தை நிலையா அடிக்காதீங்க, குறைந்தபட்சம் 48 டிபின்னு மட்டும் சொல்லி விட்டுடுங்க, எழுத்து வளர்ந்தா பட்டனும் வளரட்டும். பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு பட்டன், இடம் இல்லைன்னா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இறங்கணும். ஃபார்ம் எதுவா இருந்தாலும் ஸ்க்ரோலுக்குள்ள வைங்க, கீபோர்டு எடுக்கிற இடத்தையும் கணக்குல சேருங்க.

பூட்டுற காலமும் முடிஞ்சுக்கிட்டு வருது. ஆண்ட்ராய்டு 16ஐ டார்கெட் பண்ற ஆப் ‘போர்ட்ரெய்ட் மட்டும்தான்’னு சொன்னாலும், 600 டிபிக்கு மேல உள்ள திரையில சிஸ்டம் அதைக் கண்டுக்காது. கேமுக்கு விலக்கு உண்டு. மத்தவங்களுக்கு இப்போதைக்கு ஒரு தப்பிக்கிற வழி கொடுத்திருக்காங்க, அதை நம்பி உட்காராதீங்க.

இந்த வாரம் ஒண்ணு பண்ணுங்க. உங்க ஆப்ல லாகின் பக்கத்தைத் திறங்க. மொழி தமிழ், எழுத்து அளவு கடைசிப் புள்ளி, டிஸ்பிளே சைஸும் கடைசிப் புள்ளி, கீபோர்டு மேல. பட்டன் எங்க இருக்குன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. வந்ததுல ரெண்டு மூணை எடுத்து, அடுத்த எபிசோட்ல உட்கார்ந்து சரி பண்ணுவோம்.