4 ஓம் ஸ்பீக்கரும் பக்க இணைப்பும்

(அறிவியல் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் எங்கள் பள்ளியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனது. முன்னாள் மாணவர் ஒருவர் அன்போடு கொடுத்த வீட்டு ஸ்டீரியோ அது. கூடம் பெரியது, இரண்டு ஸ்பீக்கர் போதவில்லை. அதே போன்ற இன்னும் இரண்டை வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாகப் பழைய ஒயரோடு சேர்த்து முறுக்கினேன். குறைந்த சத்தத்தில் நன்றாகவே பாடியது. ஒத்திகைக்குச் சத்தத்தைக் கூட்டியதும் தொட முடியாத சூடு, தீய்ந்த வாடை. மறுநாள் குழந்தைகள் கைதட்டலுக்கு ஆடினார்கள்.

பழுது பார்த்தவர் முதலில் கேட்டது, "சார், எத்தனை ஓம் போட்டீங்க?"

ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ‘4–8 ஓம்’ என்று அச்சிட்டிருந்தது. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டு பக்க இணைப்பில் சேர்ந்தால் 2 ஓம். அதற்கு முந்தைய வாரம்தான் பத்தாம் வகுப்பில் இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டிருந்தேன்!

வெளியீடு 12 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஓமில் 1.5 ஆம்பியர், 18 வாட். 4 ஓமில் 3 ஆம்பியர், 36 வாட். 2 ஓமில் 6 ஆம்பியர், 72 வாட். அவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுக்கப் போய் உள்ளே டிரான்சிஸ்டர் வேகிறது. கடையில் நாம் வாட்டை மட்டும் விசாரிக்கிறோம். வாட் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பது. எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்பதை ஓம்தான் சொல்லும்.

ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்களைத் தொடரிணைப்பில் போட்டால் 8 ஓம். சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும்.

வகுப்பில் ஒரு கேள்வி வரும், தயாராக இருங்கள். 4 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் மூன்றுக்குச் சற்று மேலேதான் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டதா? இல்லை. மீட்டர் அளப்பது நேர்திசை மின்னோட்டத்துக்குக் கம்பிச்சுருள் தரும் மின்தடையை. அச்சிட்டிருப்பது மாறுதிசை மின்னோட்டத்துக்கான மின்எதிர்ப்பு. அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும், 4 என்பது ஒரு பெயரளவு மதிப்பு. மேல்நிலை வகுப்புக்கு உரியதுதான், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரிகிறது.

இப்போது பழுது நீக்கிய அதே பெட்டியில் நான்கு ஸ்பீக்கர்கள் பாடுகின்றன, பக்கத்துக்கு இரண்டாகத் தொடரிணைப்பில். மீட்டர் வைத்துப் பார்த்து இணைத்தவர்கள் பத்தாம் வகுப்பு மாணவிகள். என்னை ஒயரைத் தொட விடவில்லை.