பன்னிரண்டு வீடுகளும் பன்னிரண்டு வினாக்களும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஊரை விட்டு வந்த நாம் பெட்டியின் அடியில் பத்திரமாகக் கொண்டுவந்த பொருள்களுள் ஜாதகமும் ஒன்று. வடநாட்டார் கட்டத்துக்கும் நம் கட்டத்துக்கும் வடிவிலேயே வேறுபாடு உண்டு. நம் கட்டத்தில் இராசிகள் இடம் மாறா. மேல் வரிசையின் இடக்கோடியில் மீனம், அதனையடுத்து மேஷம் என அவை வலமாகச் சுற்றி வரும். லக்கினமே ஆளுக்கு ஆள் மாறும். வடநாட்டுக் கட்டத்திலோ லக்கினம் மேலே நடுவில் நிலைத்திருக்க, இராசிகளே இடம் மாறும். முறை வேறாயினும் குறிப்பது ஒன்றே: பிறந்த நேரத்தில் கோள்கள் நின்ற நிலை.

அந்நிலை ஒருவரது இயல்பைக் காட்டுமா? வானியலறிஞர் ஜயந்த் நார்லீகரும் பிறரும் மகாராஷ்டிரத்தில் 2008-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். அறிவிற் சிறந்த மாணவர் 100 பேர், அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோர் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 அளித்து, எவை எவருடையவை என வினவினர். விடை தந்த 27 சோதிடர்களின் கணிப்பில் சரியானவை சராசரி நூற்றுக்கு 46. நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலும் நூற்றுக்கு 50 வரும்.

அங்ஙனமாயின் ஜாதகத்தை எறிந்துவிடலாமா? யாம் எறியவில்லை. காரணத்தைக் கூறுகிறோம்.

எமது ஜாதகத்தில் இரண்டாம் வீட்டில் செவ்வாய். அது குடும்பத்துக்கும் வாக்குக்கும் உரிய வீடு. கடுஞ்சொல் வரும் என்று எம் இளமையிலேயே சோதிடர் கூறிவிட்டார். அது எமக்கு வசதியாயிற்று. சினந்து பேசிய போதெல்லாம் பழியைச் செவ்வாயின் மீது சுமத்தினோம். நிலப் பாகப்பிரிவினையின்போது தம்பியை நால்வர் முன்னிலையில் இழித்துரைத்தோம். ஆறு ஆண்டுகள் அவன் எம் வாயிற்படியை மிதிக்கவில்லை.

"உங்கள் ஜாதகத்தில் செவ்வாய் இருக்கிறது, இவ்வளவையும் பொறுத்துக்கொள்ள உங்கள் தம்பி ஜாதகத்தில் என்ன இருக்கிறது?" என்று எம் இல்லாள் ஒருநாள் கேட்டாள். எம்மிடம் விடையில்லை. அன்றிரவே மன்னிப்பு வேண்டிக் கடிதம் எழுதினோம்.

அன்று முதல் ஜாதகத்தை வினாத்தாளாகவே கொண்டோம். நான்காம் வீடு தாய்: ஊரிலுள்ள அன்னையின் நலம் விசாரித்து எத்தனை நாளாயிற்று? ஆறாம் வீடு கடனும் பகையும்: யாருக்குத் திருப்பித் தர வேண்டும்? யாரிடம் சமாதானம் வேண்டும்? ஏழாம் வீடு வாழ்க்கைத்துணை: அவள் சொல்லுக்குச் செவி கொடுத்தோமா? பத்தாம் வீடு தொழில்: வாங்கும் சம்பளத்துக்கு உழைத்தோமா? இவ்வாறு பன்னிரண்டு வீடுகளுக்கும் பன்னிரண்டு வினாக்கள் உண்டு. இவற்றிற்குக் கோள்கள் விடையளிக்கா. நாமே அளித்தல் வேண்டும்.

பிள்ளைகளின் திருமணத்துக்காகப் பிறர் கட்டங்களை விரித்துக் குறை தேடுகிறோம். அதற்கு முன் நம் கட்டத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்போமாக!

சென்ற பொங்கலுக்குத் தம்பி எம் இல்லத்திற்கு வந்திருந்தான். செவ்வாய் இன்றும் இரண்டாம் வீட்டிலேயே இருக்கிறது.