கணையப் புற்றும் படச் சோதனைகளும்



இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடப்பது கணையம். அங்குத் தோன்றும் புற்று, பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது. வலியில்லாத மஞ்சட்காமாலை அதன் அறிகுறியாகலாம். ஆதலின், காமாலை கண்டதும் கீழாநெல்லியோடு நாம் நின்றுவிடலாகாது.

அறுவைக்கு முன் மருத்துவர் அறிய வேண்டுவன இரண்டு: கட்டி பெரிய இரத்தக் குழாய்களைப் பற்றியுள்ளதா? வேறிடம் பரவியுள்ளதா? குழாய்களின் நிலையைத் தெளிவுறக் காட்டுவது, மருந்தேற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், அதுவே முதலில் வேண்டுவது. கல்லீரலில் பரவிய சிறு புள்ளிகளையும் பித்த நாளங்களையும் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. சிறந்தது. 2 சென்டிமீட்டருக்கும் குறைந்த கட்டியைக் காணவும், ஊசியால் திசு எடுக்கவும் வல்லது எண்டோஸ்கோப்பி வழிச் செய்யும் அல்ட்ராசவுண்டு. இத்துறையில் புகழ்பெற்று, 2025-இல் பத்ம விபூஷண் விருதுக்குரியவரான டாக்டர் நாகேஸ்வர ரெட்டி அவர்கள் நம் ஐதராபாத்தினர். ஜீடிமெட்லாவில் வாழும் நமக்கு இவ்வசதி தொலைவில் இல்லை. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியதைத் தேடப் பெட் ஸ்கேன் துணை செய்யும். எனினும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். காமாலை தணியப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைப்பதாயின், சி.டி. அதற்கு முன்னரே எடுத்தல் நலம். பின்னர் உண்டாகும் அழற்சி படத்தை மயக்கக்கூடும். லைன் கிளியர் பெறாமல் வண்டியை விடுவதில்லை நாம். உடலுக்கும் அவ்விதியே பொருந்தும்.